ஊர் விவாதத்தில் ஆய்வாளர்: எப்போது பேசுவது, எப்படிப் பேசுவது

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ விரிவுரையாளராக இருப்பவர், வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் பணிபுரிபவர், விவசாயப் போதனாசிரியர், உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஆகியோரை மனத்திற் கொண்டு இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா, வாவியில் மீன்கள் ஏன் செத்து மிதக்கின்றன, கரை ஏன் ஆண்டுக்காண்டு உள்ளே வருகிறது, களைநாசினியால் சிறுநீரகம் கெடுமா என்றெல்லாம் ஊரார் கேட்பது இவர்களிடந்தான். அக்கேள்விகள் வீட்டுத் திண்ணையிலிருந்து பிரதேச செயலகக் கூட்டத்துக்கும் பத்திரிகைக்கும் சில வேளை நீதிமன்றத்துக்கும் போகும்போது, விடை தெரிந்தவர் எழுந்து பேசக் கடமைப்பட்டவரா என்பதே இங்கு எடுத்துக்கொள்ளும் வினா. கடமை உண்டு என்பது என் நிலைப்பாடு. ஆனால் அது எல்லாவற்றைப் பற்றியும் கருத்துச் சொல்லும் கடமை அன்று. ஒரு தீர்மானம் உங்கள் துறையின் பெயரால் எடுக்கப்படுகிறது, அதன் சுமையைத் தாங்கப்போகிறவர்கள் அதற்குச் சொல்லப்படும் காரணத்தைச் சரிபார்க்க வழியற்றவர்கள், நீங்களோ சரிபார்க்க வல்லவர் என்ற நிலை வந்துவிட்டால், பேசாமலிருக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அந்நிலை வராதபோது வாய் மூடியிருப்பதும் அதே கடமையின் பகுதியே.

கடமை எங்கே பிறக்கிறது

இலவசக் கல்வியில் படித்தோம், வரிப்பணத்தில் ஆய்வு செய்கிறோம், ஆகையால் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற வாதத்தையே நம்மிடையே அதிகம் கேட்கிறோம். அது பிழையன்று, ஆயினும் போதாது. அந்தக் கடனை நன்றாகக் கற்பித்தும் நேர்மையாக ஆய்வு செய்தும் அடைத்துவிடலாம். பொதுக் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டிய தேவை அதிலிருந்து பிறப்பதில்லை. வேறொரு காரணம் இருக்கிறது, அதற்கு நம் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே ஓட்டமாவடி சான்றாக இருக்கிறது.

2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. புதைக்கவும் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அதற்கு முன்னரே, அவ்வாண்டு மார்ச் மாதத்தில், வெளிவந்திருந்தது. புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரிற் கலந்து பரவும் என்று இங்கே காரணம் சொல்லப்பட்டது. அதனை ஓர் அச்சமாக அன்றி விஞ்ஞான முடிபாகவே முன்வைத்தார்கள். சுவாச வழியே பரவுவதும் உயிருள்ள கலத்துக்கு வெளியே பெருக இயலாததுமான ஒரு வைரஸ், புதைகுழியிலிருந்து மண்ணினூடாக ஊறிக் கிணற்றை அடைந்து ஒருவரைத் தொற்றும் என்பதற்கு அளவீடு எதுவும் காட்டப்படவில்லை. 2003 இல் சார்ஸ் நோய்க்குக் காரணமான வைரஸை இனங்காண்பதில் முன்னின்ற இலங்கையரான பேராசிரியர் மலிக் பீரிஸ் அக்காரணத்தை ஏற்கவில்லை என்பதை வெளிப்படையாகச் சொன்னார். 2020 இன் இறுதியிலும் 2021 இன் தொடக்கத்திலும் இலங்கையின் சமுதாய மருத்துவ நிபுணர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் புதைப்பதை அனுமதிக்கலாம் என்று அறிக்கை வெளியிட்டன. 2021 பெப்ரவரியில் தடை நீங்கியது; மார்ச் 5 முதல் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் உடல்கள் ஓட்டமாவடி, மஜ்மா நகருக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கப்பட்டன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள், ஆயினும் பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உள்ளனர். கட்டாயத் தகனத்துக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில்.

இடைப்பட்ட பத்து மாதங்களில் தகனம் செய்யப்பட்டவர்களின் குடும்பத்தினர் வைரஸியலும் நிலத்தடி நீரியலும் கற்றவர்கள் அல்லர். அவர்கள் மதத்தின் பெயரால் கேட்டபோது விஞ்ஞானத்தின் பெயரால் மறுக்கப்பட்டது. விஞ்ஞானத்தின் பெயரால் மறுக்கப்பட்ட ஒன்றை விஞ்ஞானம் தெரிந்தவர்களே கேள்வி கேட்க முடியும். அப்படிக் கேட்கக்கூடியவர்கள் இந்நாட்டில் ஒருவர் இருவர் அல்லர், பல்கலைக்கழகம் தோறும் இருந்தார்கள். பலர் தமது அறைகளில் தலையசைத்து வருந்தினார்கள், வெளியே பேசவில்லை. நீண்ட அறிக்கை எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. ‘புதைக்கப்பட்ட உடலிலிருந்து நிலத்தடி நீர் வழியாக இந்நோய் தொற்றியதைக் காட்டும் அளவீடு எதுவும் எனக்குத் தெரியாது, தெரிந்தவர் காட்டட்டும்’ என்ற ஒரு வசனத்தைத் தம் பெயரிட்டு எழுதியிருந்தால் போதும். நான் கடமை என்று சொல்வது இந்த அளவைத்தான்: உங்கள் துறையின் பெயரைப் பிறர் பிழையாகப் பயன்படுத்தும்போது அதை அப்படியே விட்டுவிடாதிருத்தல்.

உங்கள் வேலி எதுவரை

அதே நிகழ்வில் மற்றொரு பக்கமும் உண்டு. தமது துறைக்கு வெளியே நின்றுகொண்டு, பேராசிரியர் என்ற பட்டத்தின் பலத்தால் மட்டும் ஒரு கூற்றை முன்வைத்தவர்கள் இல்லாவிட்டால் அத்தடை அவ்வளவு காலம் நிலைத்திராது. ஆகவே பேசுவதற்கு முன் முதலாவதாகச் செய்ய வேண்டியது, இது என் வயலா என்று பார்ப்பது. பட்டச் சான்றிதழில் உள்ள பாடப்பெயரை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. என் கூற்றை எந்த அளவீடு பொய்யாக்கும் என்று சொல்ல முடிகிறதா, எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை அத்தரப்பினரே ‘ஆம், அதைத்தான் சொல்கிறோம்’ என்று ஒப்பும் வகையில் எடுத்துரைக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டும் முடியாதென்றால் நீங்கள் அவ்விடயத்தில் ஆய்வாளர் அல்லர், கருத்துள்ள ஒரு குடிமகன். குடிமகனாகப் பேசத் தடையில்லை. பெயருக்கு முன்னால் உள்ள ‘கலாநிதி’யை அன்றைக்கு வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும், அவ்வளவே.

சிறுநீரக நோய் விவகாரம் இவ்வகையில் ஆழ்ந்து பார்க்கத்தக்கது. காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் அறியப்பட்டு வருகிறது. அம்பாறை மாவட்டத்தில் தெகியத்தகண்டிப் பக்கமும் அது உண்டு. கிளைபொசேற்று என்னும் களைநாசினியும் வன்னீரும் நச்சு உலோகங்களும் சேர்ந்து அந்நோயை உண்டாக்கக்கூடும் என்று 2014 இல் வெளியான ஒரு கட்டுரை கருதுகோளாக முன்வைத்தது. கருதுகோளை வெளியிடுவது ஆய்வாளரின் வேலை, அதிற் குற்றமில்லை. ஆனால் அது மேடைக்கு வந்தபோது முடிபாகிவிட்டது. 2015 இல் நாடு முழுவதும் கிளைபொசேற்று தடைசெய்யப்பட்டது, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது, 2022 இல் தடை நீக்கப்பட்டது. நோய்க்குக் காரணம் எது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. இத்தகைய விடயத்தில் களையியலாளர் களையைப் பற்றியும், சிறுநீரக வைத்தியர் நோயாளரைப் பற்றியும், நீர் இரசாயனவியலாளர் கிணற்றைப் பற்றியும் பேசலாம். மூவரும் சேர்ந்து இருந்தாலொழிய ‘காரணம் இதுதான்’ என்று எவரும் சொல்லக்கூடாது. உங்களிடம் கேட்கப்பட்டது நோயின் காரணமானால், உங்களுக்குத் தெரிந்தது கிணற்று நீரின் வன்மையானால், வன்மையை மட்டும் சொல்லி நிறுத்துங்கள். கூட்டத்தில் இருப்பவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். அது பரவாயில்லை.

பேசுவதற்கு முன்

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் ஏறியபின், மட்டக்களப்புக் கரையோரத்தில் கிணறுகள் எல்லாம் உவர்நீரும் சேறுமாகிவிட்டன. உதவிக்கு வந்தோர் நல்லெண்ணத்தோடு நீர்ப்பம்பிகளை வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோரும் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தினரும் அக்கிணறுகளைத் தொடர்ந்து அளந்து பார்த்தபோது, இறைப்பதால் உவர் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்பதும், மழைநீர் ஊறிக் கழுவுவதே முக்கியம் என்பதும், அளவுக்கு மீறி இறைப்பது நிலைமையை மோசமாக்கலாம் என்பதும் தெரிந்தன. காரணம் எளிது: வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான எழுவான்கரையில் நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே நிற்கிறது, மேலுள்ளதை வேகமாக இறைத்தால் கீழுள்ளது எழும்பி வரும்.

இப்படியொரு கண்டறிதல் உங்கள் கையில் இருக்கும்போது, ஆய்வுச் சஞ்சிகையில் வெளிவரும்வரை காத்திருப்பதா, உடனே சொல்வதா? சஞ்சிகைக்கு மாதக்கணக்கில் ஆகும். பம்பி இன்று ஓடுகிறது. தீங்கு நாளைக்கே நேரக்கூடியதானால் இன்றைக்கே சொல்ல வேண்டும், தீங்கு மெல்ல வருவதானால் சரிபார்க்கும் அவகாசத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் பின்பற்றச் சொல்லும் விதி. எவ்வளவு அவசரமானாலும் ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டாம்: உங்கள் மாணவர் அல்லாத, உங்களிடம் பதவி உயர்வை எதிர்பார்க்காத ஒருவரிடம் தரவைக் கொடுத்து, பிழை பிடிக்கச் சொல்லுங்கள். மற்றைய பல்கலைக்கழகத்தில் இருப்பவரானால் இன்னும் நல்லது.

அடுத்து யாரிடம் முதலில் சொல்வது என்ற வரிசை. கிணறு யாருடையதோ அவர் தம் கிணற்றைப் பற்றிப் பத்திரிகையிற் படித்து அறியும் நிலை வரக்கூடாது. உரியவரிடம் நேரிற் சொல்லுங்கள். பின்னர் சுகாதார வைத்திய அதிகாரிக்கோ பிரதேச செயலாளருக்கோ எழுத்தில் அறிவித்து, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியை வாங்கி வையுங்கள். அதன்பின்னரே பொதுவில் பேசுங்கள். பொதுவிற் பேசும்போது தனிக் கிணறுகளை அடையாளங் காட்ட வேண்டாம், பகுதியைச் சொன்னாற் போதும். விற்கவிருக்கும் வளவின் விலையும் நிச்சயித்த கல்யாணமும் ஒரு வாக்கியத்தால் குலைந்துபோகக்கூடிய ஊர்கள் நம்முடையவை.

அரச உத்தியோகத்தர்களுக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. தாபன விதிக்கோவை திணைக்கள உத்தியோகத்தர் ஊடகத்துக்குப் பேசுவதைக் கட்டுப்படுத்துகிறது. பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு அதைவிட இடம் அதிகம். எனவே திணைக்களத்தில் உள்ளவர்கள் தமது அறிக்கையைத் தெளிவாகவும் முழுமையாகவும் எழுதி அலுவலகக் கோவையிற் சேர்ப்பதையே முதற் கடமையாகக் கொள்ள வேண்டும். அது சிறிய காரியமன்று. 2021 இல் சீனாவிலிருந்து வரவிருந்த சேதனப் பசளையின் மாதிரிகளில் தீங்கு விளைவிக்கக்கூடிய பற்றீரியா இருப்பதாக இலங்கையின் தாவரத் தொற்றுக்காப்பு ஆய்வுகூடம் அறிக்கையிட்டது. நிறுவனம் மறுத்தது, இராஜதந்திர மட்டத்தில் அழுத்தம் வந்தது, ஆயினும் அந்த அறிக்கை மாறவில்லை. அதை எழுதியவர்கள் எந்தத் தொலைக்காட்சியிலும் முழங்க வேண்டியிருக்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எவரும் அத்தகைய அறிக்கைகளைக் கோரலாம். சட்டப்படி வெளியிடக்கூடிய தகவலை வெளியிட்ட உத்தியோகத்தரை அதற்காகத் தண்டிக்க முடியாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. கோவையில் நல்ல அறிக்கை இருந்தாற்றான் கேட்பவருக்குக் கிடைக்கும்.

வாய் திறக்காமலே விவாதத்தில் பங்குகொள்ளும் இன்னொரு வழியை நம்மவர்கள் அநேகமாகப் பயன்படுத்துவதில்லை. தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் ஒரு பெருந்திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்படும்போது, அது பொதுமக்களின் பார்வைக்கு 30 வேலை நாட்கள் வைக்கப்படுகிறது. எவரும் எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம். கூட்டத்தில் அரைமணி நேரம் ஆவேசமாகப் பேசுவதைவிட, அறிக்கையின் இன்ன பக்கத்தில் உள்ள இன்ன அட்டவணையில் மழைக்காலத் தரவு இல்லை என்று எழுதிக்கொடுக்கும் இரண்டு பக்கங்கள் பெறுமதியானவை. அவற்றுக்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும்.

சொல்லும் முறை

தமிழில் விஞ்ஞானத்தைச் சொல்ல வராது என்ற சாட்டை இந்த மண்ணில் ஏற்க முடியாது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, 1930களிலேயே சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். உண்மையான தடை சொற்பஞ்சமன்று, எண்ணைக் கேட்பவரின் அளவையில் மாற்றிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லாமையே.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது சேதன விவசாயம் நல்லதா கெட்டதா என்று விவாதம் போனது. அது கொள்கை விவாதம். அதில் எவரும் எதையும் சொல்லலாம். பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் வயற்காரருக்கு வேண்டியிருந்தது ஒரு கணக்கு. ஐம்பது கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 46 சதவீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. கூட்டெருவில் நைதரசன் சதவீதம் ஒன்றரை என்று வைத்துக்கொண்டால், அந்த 23 கிலோவைப் பெற ஏறத்தாழ ஒன்றரைத் தொன் கூட்டெரு வேண்டும். அதுவும் முழுவதும் அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது. ஒரு மூட்டைக்கு ஒன்றரைத் தொன். உங்கள் வட்டைக்கு எத்தனை மூட்டை போட்டீர்கள், அத்தனை ஒன்றரைத் தொன் எங்கிருந்து வரும், எந்த உழவு இயந்திரத்தில் வரும்? இதைக் கேட்ட வட்டை விதானைக்கு, அதாவது அவ்வயற்பகுதியின் பொறுப்பாளருக்கு, வேறு விளக்கம் தேவைப்படாது. தடையை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் இக்கணக்கின்மேல் நின்றே பேச வேண்டியிருக்கும். அவ்வாண்டு நவம்பரில் அரசு தடையைத் தளர்த்தியது. அதற்குள் பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது.

கேட்பவர் அடுத்து என்ன செய்வார் என்று நினைத்துச் சொல்வதும் அவசியம். கிணற்றில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை அதுவே, புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை முன்னிட்டு வகுக்கப்பட்டது. ‘தண்ணீர் சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் தாய்மார் அதைக் கொதிக்க வைப்பார்கள், ஏனெனில் இத்தனை காலமும் நாம் சொல்லிக்கொடுத்தது அதுதான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றோ போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே, ‘இந்நீரைக் கைக்குழந்தையின் பாலுக்குப் பயன்படுத்த வேண்டாம், கொதிக்க வைப்பதால் பயனில்லை, குளிக்கவும் துவைக்கவும் தடையில்லை’ என்று முழுவதையும் ஒரே மூச்சிற் சொல்ல வேண்டும். எச்சரிக்கையை மட்டும் கொடுத்துவிட்டுச் செயலைக் கொடுக்காதவர் அரைவாசி வேலையையே செய்திருக்கிறார்.

ஆறுதல் சொல்லும் ஆசை எச்சரிக்கும் ஆசையைவிட ஆபத்தானது. இத்தாலியின் லாக்குவிலா நகரில் 2009 ஏப்ரல் 6 ஆம் திகதி நிகழ்ந்த பூமியதிர்ச்சியில் முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதற்குச் சில நாட்களுக்கு முன், சிறு அதிர்வுகளால் கலங்கியிருந்த மக்களுக்காக நிபுணர் குழுவொன்று கூடியது. அபாயமில்லை என்று விஞ்ஞானிகள் கூறுவதாகச் சிவில் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியிற் சொல்லிவிட்டார். விஞ்ஞானிகள் அவ்வாறு திட்டவட்டமாகச் சொல்லவில்லை, ஆனால் அவரைத் திருத்தவும் இல்லை. 2012 இல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் ஆறு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது; 2014 இல் மேன்முறையீட்டில் விஞ்ஞானிகள் விடுவிக்கப்பட்டனர். வழக்கைப் பற்றி உலகெங்கும் எழுதியவர்கள் பூமியதிர்ச்சியை முன்கூட்டிச் சொல்ல முடியாதென்பதையே எழுதினார்கள். நான் அதிலிருந்து எடுப்பது வேறு: நீங்கள் இருந்த கூட்டத்தின் முடிவை இன்னொருவர் வெளியே சொல்லப்போகிறார் என்றால், அவர் சொல்லப்போகும் வசனத்தை எழுதி வாங்கிப் பாருங்கள், பிழையாகச் சொல்லிவிட்டால் அன்றே திருத்துங்கள். மார்கழியில் கடல் உள்வாங்கிவிட்டதாம் என்று கரையோரத்தில் வதந்தி பரவும்போதும் இதே கவனம் வேண்டும். ‘சுனாமி வராது’ என்று சொல்ல எவராலும் முடியாது. ‘எச்சரிக்கை எதுவும் விடுக்கப்படவில்லை, நில அதிர்வை உணர்ந்தாலோ கடல் வழமைக்கு மாறாக உள்வாங்குவதைக் கண்டாலோ எச்சரிக்கைக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போங்கள்’ என்று சொல்ல முடியும்.

கூட்டத்தில்

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவாயினும் பள்ளிவாசல் முன்றலாயினும் கோயில் மண்டபமாயினும், முதலிற் கேளுங்கள். ஒலுவில் துறைமுகம் 2013 இல் திறக்கப்பட்ட பின் அதற்கு வடக்கே கரை அரிக்கப்பட்டதும் துறைமுக வாயிலில் மணல் சேர்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. கரையோரமாக நகரும் மணலை அலைதாங்கி தடுத்தால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் பசியோடு இருக்கும் என்பது கரையியலில் முதற் பாடம். ஆனால் எந்த மாதத்தில் எந்தத் திசைக்கு நீரோட்டம் இழுக்கிறது, வலை எங்கே புதைகிறது என்பதைக் கரைவலை இழுப்பவர் தம் கையால் அறிந்திருக்கிறார். அவருடைய கூற்று அளவீடு அன்று. எங்கே அளக்க வேண்டும் என்பதை அது சொல்லும். கேட்டுவிட்டுப் பேசினால் உங்கள் தரவும் திருந்தும், உங்களைக் கேட்கும் மனமும் அவர்களுக்கு வரும்.

கிழக்கில் எந்த விவாதமும் நெடுநேரம் விவாதமாக மட்டும் இருப்பதில்லை. மணல் அகழ்வு, மேய்ச்சற்றரை, குப்பைமேடு, இறால் பண்ணை எதுவானாலும் சிறிது நேரத்தில் அது எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையிலான பிரச்சினை என்ற கேள்வியாகிவிடும். உங்கள் பெயரைக் கேட்டவுடனேயே நீங்கள் எந்தப் பக்கம் என்று முடிவெடுத்துவிடுவார்கள். இதை மறுத்துப் பயனில்லை. செய்யக்கூடியது, தனியே போகாதிருப்பது. வந்தாறுமூலையிலிருந்து ஒருவரும் ஒலுவிலிலிருந்து ஒருவருமாக ஒரே தரவுத்தாளை வைத்துக்கொண்டு ஒரே மேசையில் அமர்ந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே ஓய்ந்துவிடும். சிங்களத்திலும் அதே தாள் இருக்க வேண்டும், ஏனெனில் தெகியத்தகண்டியிலும் அம்பாறை நகரிலும் அதைப் படிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழியிலும் எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

தீர்மானம் எடுப்பது உங்கள் வேலையன்று என்பதையும் அங்கே நினைவில் வைத்திருங்கள். இறால் பண்ணை வந்தால் இத்தனை கண்டல் போகும், கழிவுநீர் வாவியின் இப்பகுதிக்குச் சேரும் என்பது உங்கள் பேச்சு. அதற்கு ஈடாக வரும் தொழில் பெறுமதியானதா என்பது ஊரின் பேச்சு. கேட்டால் உங்கள் விருப்பத்தையும் சொல்லலாம், ‘இது என் விருப்பம், அளவீடு அல்ல’ என்று பிரித்துச் சொல்லிவிட்டு.

பத்திரிகையும் முகநூலும்

இதில் அதிகம் சொல்ல இல்லை. செய்தியாளரிடம் பேசும்போது மூன்று நான்கு வசனங்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள். தொலைபேசியில் நீளமாகப் பேசினால் அவர் தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார், அது அவருடைய தொழில். தலைப்பு உங்கள் கையில் இல்லை. உங்கள் ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்பதை அவர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். பசளைக் கொம்பனியின் பணமானாலும் அரசு சாரா நிறுவனத்தின் பணமானாலும் பின்னர் வெளிவந்தால் உங்கள் எண்களை எவரும் நம்பமாட்டார். வட்ஸ்அப்பில் சுற்றும் பொய்க்கு அதே குழுவில் பதில் எழுதுவது பயனுள்ளது, ஒரே ஒருமுறை, ஒரு பந்தியில். இரண்டாம் சுற்றுக்குப் போகாதீர்கள்.

பேசியதன் விலை

பேசுவோருக்கு இழப்பு வராது என்று சொல்லமாட்டேன். பசளைத் தடையின்போது வெளிப்படையாக எச்சரித்த பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே, விவசாய அமைச்சின் பதவிகளிலிருந்து 2021 இல் நீக்கப்பட்டார். அவருக்கு நிரந்தரமான பல்கலைக்கழகப் பதவி இருந்தது. தற்காலிக விரிவுரையாளருக்கும் பயிலுநருக்கும் ஆராய்ச்சி உதவியாளருக்கும் அப்படியொரு காப்பு இல்லை. ஆகவே கடமை எல்லோர்மேலும் சமமாக விழுவதில்லை என்றே நினைக்கிறேன். பதவி உறுதியானவர், ஓய்வுபெற்றவர், சங்கத்தின் பொறுப்பில் இருப்பவர் முன்னால் நிற்க வேண்டும். தரவைச் சேகரித்த இளையவரின் பெயர் ஆய்வுக்கட்டுரையில் கட்டாயம் இருக்க வேண்டும், கண்டன அறிக்கையில் அவர் விரும்பினால் மட்டும். தனிக் கடிதத்தைவிடப் பலர் ஒப்பமிட்ட கடிதம் பாதுகாப்பானது, ஆனால் ஒப்பம் சேர்க்கும் ஆர்வத்தில் விடயத்தை மழுப்பி எழுதிவிடாதீர்கள்; ஐம்பது பேர் ஒப்பும் வெற்றுரையைவிட ஐந்து பேர் ஒப்பும் கணக்கு மேலானது.

விவாதம் ஓய்ந்தபின் மீண்டும் போங்கள். கிணறு அளந்தவர் மாரி முடிந்ததும் அதே கிணற்றை அதே முறையில் அளக்க வேண்டும். விளைச்சல் இவ்வளவு குறையும் என்று சொன்னவர் அறுவடையின்போது எவ்வளவு குறைந்தது என்று கேட்டறிய வேண்டும். இரண்டு எண்களையும், சொன்னதையும் நடந்ததையும், ஒரே தாளில் எழுதிக் கமநல சேவை நிலையத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். ஒரு பிரதியைப் பிரதேச செயலகக் கோவையில் திகதியிட்டுச் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை அக்கேள்வி எழும்போது நீங்கள் இவ்வூரில் இல்லாமற் போகலாம்.